முன்னால் நின்று கேட்டவர்

டிரம்ஸ் செட்டில் ஜால்ரா அடிப்பவளுக்கு ஒரு வசதி உண்டு. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும், கண் சும்மா இருக்கும். ஜால்ரா என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், எனக்கு அவசரமில்லை. பேர் ஷோபனா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விஜிக்குப் பின்னால் நின்று ஜால்ரா. சும்மா இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை காலமாக நான் கூட்டத்தைத்தான் பார்த்து வருகிறேன். ஒரே அடிக்கு மனுஷர்கள் எத்தனை விதமாக ஆகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

விஜி எங்கள் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். ஆள் குள்ளம், அதிகம் பேச மாட்டாள். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் டிரம்ஸ் செட் சொல்லியிருந்தார்கள். வந்த பையன்கள் டோலை எல்லாம் கேட் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். விஜி போய் ஒரு டோலைத் தூக்கி இடுப்பில் மாட்டினாள். ஏதோ விளையாட்டுக்கு என்று நினைத்தோம். முதல் அடி விழுந்ததும் கட்டிங் செக்ஷனில் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இரண்டாவது மாடியில் இருந்தவர்கள் படியில் ஓடி வந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் யாரும் இல்லை என்றாள். அப்புறம் லைனில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். செட் உருவானது இப்படித்தான். பேர்கூட வைக்கவில்லை. பேனரில் ‘பெண்கள் டிரம்ஸ்’ என்று கூப்பிடுகிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.

நாங்கள் போகாத இடம் கிடையாது. ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சேரில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஷூவைத் தட்டத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. வானகரத்தில் ஒரு அப்பார்ட்மெண்டில் பிள்ளையார் ஊர்வலம். கீழே ஆட்டம் பறக்கிறது, நாலாவது மாடியிலிருந்து ஒரு அம்மா சவுண்டைக் குறைக்கச் சொல்லிக் கத்துகிறார். டோலுக்கு வால்யூம் பட்டன் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன்.

அம்பத்தூரில் ஒரு சாவு வீடு. இறந்தவருக்கு இரண்டு மகள்கள், இருவரும் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். விஜி அடிக்கத் தொடங்கியதும் மூத்தவள் மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். இளையவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, மனம் நிறைந்த சிரிப்பு. ஒரே அப்பா, ஒரே அடி, ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் தாளம் தப்பிவிட்டது. விஜி திரும்பி முறைத்தாள்.

“கூட்டத்த வேடிக்க பாக்கவா வந்தே?” என்றாள் அப்புறம்.

“அது ஏண்டி ஒருத்தி அழுவுறா, ஒருத்தி சிரிக்கிறா?”

“எனுக்கு இன்னா தெரியும்? ஆனா கைதட்றத மட்டும் நம்பாத. கைதட்றது பழக்கம். தொண்டைய பாரு. எச்சி முழுங்குனாங்கன்னா உள்ள பூந்துகினுது.”

அன்றிலிருந்து நான் தொண்டைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சொன்னது நிஜம். கூச்சல் போட்டு ஆடுகிற பாதிப் பேருக்குத் தொண்டை அசையாது. ஓரமாக நிற்கிற ஒருவர் சத்தமில்லாமல் முழுங்கிக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் அடிக்கிறோமோ என்று தோன்றும்.

இப்படி ஊர் உலகத்தையே நிற்க வைக்கிறவள், ஒரே ஒரு ஆளைக் கேட்க வைக்க முடியாமல் தவித்தாள். அது அவளுடைய அப்பா அய்யாசாமி.

வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பல் பக்கம் போகிற வழியில் ஒரு ஊர். பேர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். ஏரிக்கரையில் காலனி, மேட்டில் ஊர்த்தெரு. விஜியின் வீடு காலனியில். ஊர்த்தெருக்காரர்களின் நிலத்தில் காலனிக்காரர்கள் கூலி வேலை செய்த காலம் போய்விட்டது. நிலமெல்லாம் மனையாகி, இவர்கள் கம்பெனிக்கும் அவர்கள் வாடகை வாங்கவும் போகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் காலனி ஆண்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேளம். ஊர்த்தெருவில் சாவு என்றால் இவர்கள் போய் அடிக்க வேண்டும், கேட்கவே வேண்டாம். அதைவிடக் கொடுமை, ஆடி மாதம் எல்லையம்மன் கரகத்துக்கு முன்னால் அடிக்கிற வாசல் மேளம். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய வீட்டு வாசலில் நின்று, பெரியவர் வெளியே வந்து போதும் என்று சொல்லும்வரை அடிக்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு வருவார், படுத்து எழுந்து வருவார், அது அவர் சௌகரியம். அடிக்கிறவன் நிறுத்தக் கூடாது.

ஒரு ஆடியில், விஜி பிறப்பதற்கு முன்பு, அய்யாசாமி நிறுத்திவிட்டார். வெயிலில் நின்று அடித்துக்கொண்டே இருந்தவர், பாதியில் குச்சியை இறக்கி, இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாராம். பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மேளத்தை உடைத்து அடுப்பில் வைத்தார். “அன்னிக்கி சோறு சீக்கிரம் வெந்துட்சிம்மா,” என்று விஜியின் அம்மா சாமுண்டீஸ்வரி என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, புருஷன் காதில் விழுந்ததா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் காலனியில் யாரும் மேளத்தைத் தொடவில்லை. அய்யாசாமி எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற பவுண்டரிக்கு லோடு ஏற்றப் போனார். திருவிழாவுக்கு ஊர்த்தெருக்காரர்கள் மதுரவாயல் பக்கமிருந்து செட் பிடித்தார்கள். வந்தவர்கள் விஷயம் தெரியாமல் பெரிய வீட்டு வாசலில் நின்று அடித்துவிட்டுப் போனார்கள். எங்கே மேளச் சத்தம் கேட்டாலும் அய்யாசாமி கதவைச் சாத்திவிட்டு டிவியைக் கூட்டி வைப்பார். சொந்தக்காரர் சாவுக்குக்கூட மேளம் வருவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அந்த வீட்டில் டோலை எப்படி வைப்பது? என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. வெயில் நாளில் என் மாமியார் அதை மாடிக்குத் தூக்கிப் போய் அதன்மேல் அப்பளம் காய வைத்தார். அப்பாவிடம் விஜி, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவைத்திருந்தாள். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சொன்னாள், “எங்க நைனா ஒரே ஒரு தபா கேக்கணும்டி. கேட்டுட்டு, அப்பால வெளக்கமாத்தால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.” அவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த ஆசைக்கு அவளே உலை வைத்தாள். வானகரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன். நாங்கள் அடித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தினேஷ் என்று ஒரு பையன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி. கூட வந்தவன் கையில் தாம்பாளம்.

“அக்கா, ஆடி மூணாவது ஞாயிறு எங்க எல்லையம்மனுக்குக் கரகம். பொண்ணுங்க செட் வந்தா செமயா இருக்கும். மாட்டேன்னு சொல்லாதீங்க,” என்று தாம்பாளத்தை நீட்டினான். அம்மன் என்ற பேரைக் கேட்டதும் விஜி இரண்டு கையாலும் வெற்றிலை பாக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் தொழிலில் வெற்றிலை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டாள். எல்லையம்மன் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் ஏது? முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

அவன் ஊர்ப் பேரைச் சொன்னான். பெரிய வீட்டுத் திருவேங்கடத்தின் மகன் என்றும் சொன்னான். நான் விஜியின் தொண்டையைப் பார்த்தேன். முழுங்கினாள்.

அவனுக்கு இவளைத் தெரியவில்லை. ஒரே ஏரி, ஒரே ரேஷன் கடை, ஒரே பஸ் ஸ்டாப். ஆனாலும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மண்டையில் ஜால்ராவைச் சேர்த்து அடித்திருப்பேன்.

“திருப்பிக் குடுத்துடுடி,” என்றேன் பஸ்ஸில்.

“சாமி பேர்ல வாங்கினத எப்டிடி திருப்புறது? அதுவுமில்லாம, காலனி பொம்பள பயந்துகினு ஓடிட்டான்னுவானுங்க.”

“அப்ப போய் அடி.”

“அடிச்சா, அன்னிக்கி எங்க நைனா நடந்து வந்தாரே, அது இல்லாம பூடும். அவரு பொண்ணே அந்த வாசல்ல போய் நின்னான்னு ஆயிடும்.”

சொல்லாமல் இருக்க முடியாது என்று மறுநாள் மாலை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அய்யாசாமி வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விஜி வெற்றிலையைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். டோல், ஓவர்டைம் பொய், தினேஷ், எல்லாம். அவர் வெற்றிலையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் இடுக்கில் காய்த்திருந்த இடத்தைத் தடவினார்.

“தெச்சா கை இங்க காய்க்காது. எனுக்குத் தெரியும்,” என்றார்.

“எப்பலேர்ந்து நைனா?”

“ரொம்ப நாளா.” செயினைத் துடைத்தார். “வாசல்ல நிப்பியா?”

“மாட்டேன்.”

“நில்லுன்னு சொன்னா?”

“மாட்டேன் நைனா. அம்மனுக்கு அடிப்பேன். அந்த ஊட்டு வாசல்ல நிக்க மாட்டேன்.”

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் டிவியைப் போட்டார். சரி என்றாரா, கூடாது என்றாரா, ஒன்றும் புரியவில்லை.

ஆடி மூன்றாவது ஞாயிறு காலை. கரகத்தை ஏரிக்கரையில் வேப்பிலை சுற்றி, பூ வைத்து ஜோடிப்பார்கள். தினேஷ் ஓடி வந்து, “அக்கா, மொதல்ல எங்க வீட்டு வாசல்ல கொஞ்சம் அடிச்சிட்டு அப்புறம் இங்க வந்துடுங்க. அப்பா ரெடியா இருக்காரு, அதுதான் வழக்கமாம்,” என்றான்.

“அம்மன் ஏரிக்கரையில கீறா. மோளம் இங்கேர்ந்துதான் கெளம்பும். போற வழில உங்க ஊடு வரும்,” என்றாள் விஜி. அவன் வாசல் மேளத்தின் கதை தெரியாத பையன். தலையைச் சொறிந்துகொண்டு போனான். கரகம் பூசாரி தலையில் ஏறியது. நாங்கள் முன்னால் அடித்துக்கொண்டு காலனிக்குள் நுழைந்தோம்.

ஆடி மாசம், அம்மன், விஜியின் டோல். காலனியில் பெண்களுக்கு அருள் வரும், இளவட்டம் எல்லாம் ஆடித் தீர்க்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒருத்தர் ஆடவில்லை. ஒரு விசில் இல்லை. கதவுகள் திறந்தன, ஆட்கள் வந்து தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். வயதான பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். போனைத் தூக்கிப் படமெடுக்க வந்த பிள்ளைகள் தாங்களாகவே கையை இறக்கினார்கள். தங்கள் ஆள் கையில் மேளத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது அவர்களுக்கு. மற்ற இடங்களில் கூட்டம் இப்படி நின்றால் நிகழ்ச்சி ஊத்திக்கொண்டது என்று அர்த்தம். இங்கே ஒவ்வொரு தொண்டையும் அசைந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பேர் அவ்வளவு ஆழமாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அய்யாசாமியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி அலறியது. விஜி நடையைக் குறைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு நேராக வந்தபோது அவள் அடித்த அடி இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. வீட்டைத் தாண்டிப் போய்விட்டோம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்னால் டிவிச் சத்தம் நின்றது.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அய்யாசாமி வேகமாக நடந்து வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. டோல்களை ஒதுங்கித் தாண்டி எங்களுக்கு முன்னால் போய் நடந்தார். கோபமா, என்ன என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? விஜியின் குச்சி தப்பவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது.

மேட்டில் ஏறி ஊர்த்தெருவுக்குள் போனோம். பெரிய வீடு இப்போது கிரானைட்டும் இரும்பு கேட்டுமாக இருக்கிறது. உள்ளே போர்ட்டிகோவில் திருவேங்கடம் பட்டு வேட்டியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மேளம் வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும், அதற்காகக் காத்திருந்தார். விஜி கண்ணைக் காட்டினாள். நிற்காமல் போய்விட வேண்டும் என்று அர்த்தம். நடையைக் கூட்டினோம்.

முன்னால் போன அய்யாசாமி அந்த வாசலுக்கு நேராக நின்றுவிட்டார். அவர் நின்றதால் நாங்கள் நின்றோம், கரகமும் நின்றது. கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மகளைப் பார்த்தார்.

“இங்க அடி,” என்றார்.

விஜி குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “வேணாம் நைனா. நிக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல?”

“அவருக்கு இல்ல,” என்றார் அய்யாசாமி. “எனுக்கு.”

அவள் அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு குச்சியைத் தூக்கினாள். மற்ற பெண்கள் தாங்களாகவே அடங்கிவிட்டார்கள், நானும் ஜால்ராவை இறக்கிவிட்டேன். அவள் ஒருத்திதான் அடித்தாள். அந்த மனுஷர் துண்டைத் தோளில் போட்டபடி நிமிர்ந்து நின்று கேட்டார். தலையாட்டவில்லை, காலால் தாளம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பின்னால் திருவேங்கடம் எழுந்து கேட் வரை வந்துவிட்டார். அவர் வீட்டு வாசலில்தான் மேளம் அடிக்கிறது, ஆனால் கூப்பிடுவது அவரை இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றார். தினேஷ் ஜாலியாகப் படமெடுத்துக்கொண்டிருந்தான். எதிர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்து கூந்தல் அவிழ்ந்தது. காலனியிலிருந்து பின்னால் வந்தவர்கள் மூச்சு விடாமல் நின்றார்கள். ஒரே டோல்தான் அடித்தது. எத்தனை மேளம் கேட்டது என்று அந்தத் தெருவைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கப்படி, யாருக்காக அடிக்கிறதோ அவர் சொன்னால்தான் வாசல் மேளம் நிற்கும். அய்யாசாமி அவசரப்படவில்லை. மனம் நிறையும்வரை கேட்டார். பிறகு கையைத் தூக்கி, “போதும்மா,” என்றார். விஜி நிறுத்தினாள். அவர் ஓரமாக ஒதுங்க, கரகம் மேலே போனது.

மதியம் காலனியில் கூழ் ஊற்றினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டேன். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தார்.

“எனுக்கு இன்னாம்மா சொல்லத் தெரியும்? அடிக்கிறவனுக்கு மோளம் தோள் வலியாத்தான் தெரியும். நான் எப்பவும் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். முன்னால நின்னா இப்டி இருக்கும்னு எவனும் சொல்லல.”

சொல்லிவிட்டுக் காலிச் சொம்பை நீட்டினார். விஜிதான் கூழ் ஊற்றினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி கீழே சிந்தியது.